அழுத்தம் எங்கே விழ வேண்டும்?

பாலாற்றங்கரை நிலம் எதனால் கெட்டது என்று ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ யாரைக் கேட்டாலும், முதலில் வாயில் வருவது குரோமியம். மேடைப் பேச்சிலும் அதுதான், செய்தியிலும் அதுதான். ஆனால், இந்த வட்டாரக் கிணற்று நீரைப் பற்றி ஆங்கிலத்தில் வந்திருக்கும் ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளைப் பொறுமையாகப் படித்தால் முன்னால் வந்து நிற்பது உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் உப்பை அள்ளிப் போடுகிறார்கள். தோல் பதனிடும் ஆலையான டேனரிக்கு வந்ததும் முதல் ஊறலிலேயே அது கழன்று தண்ணீரில் இறங்குகிறது. பதனிடும்போது சேர்க்கப்படும் குரோமியம் மூன்றாம் இணைதிறன் வகை; மண்ணில் விழுந்தால் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே படிந்துவிடும். உப்பு அப்படி நிற்காது. நிலத்தடிக்கு இறங்கி, கிணற்றில் ஊறி, மோட்டார் வழியாக வயலுக்கே திரும்பி வரும். இந்தக் கரையின் நெல்லையும் தென்னையையும் வாட்டியதில் அதன் பங்கு மிகப் பெரிது.

அட்டவணை சொல்லும் இந்தச் சேதி, வாக்கியமாகும்போது காணாமல் போய்விடுகிறது. ‘சோடியம், குளோரைடு, சல்பேட், குரோமியம் ஆகியவை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் காணப்பட்டன’ என்ற வகையில் முடிகிற கட்டுரைகளைப் பலமுறை படித்திருக்கிறேன். நான்கும் ஒரே வரிசை, ஒரே எடை. படிக்கிற அதிகாரியும் நிருபரும் தமக்கு ஏற்கெனவே பழக்கமான பெயரை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நடை சரியில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. குரோமியம்தான் குற்றவாளி என்றால், ஆலைக்குள் குரோமியத்தை மீட்கும் ஏற்பாட்டோடு பாதி வேலை முடிந்தது. உப்பு என்றால் ஆர்.ஓ. நிலையம், கழிவுநீரை வற்றவைக்கும் எந்திரம், கடைசியில் மிஞ்சும் உப்பை எங்கே கொண்டு வைப்பது என்ற கேள்வி என்று செலவும் திட்டமும் வேறு திசையில் போகும்.

அறிவியல் ஆங்கிலத்தில் அழுத்தம் தரும் வாக்கிய அமைப்புகளைப் பற்றி நாளிதழின் நடுப்பக்கத்தில் எழுத வேண்டியிருப்பது இதனால்தான். மருத்துவ ஆராய்ச்சியும் தோல் தொழில் ஆராய்ச்சியும் நெடுங்காலமாக நடக்கும் வட்டாரம் இது. ஆண்டுதோறும் இங்கிருந்து ஆய்வேடுகளும் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதுகிறவர்களுக்கு இலக்கணப் பிழை திருத்தச் சொல்லித்தருகிறோம், மேற்கோள் காட்டும் முறையைச் சொல்லித்தருகிறோம். கண்டுபிடித்த சேதியின் எடை வாக்கியத்தின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை.

தமிழில் எந்தச் சொல்லுக்கு அழுத்தம் வேண்டுமோ அதன் வாலில் ஒரு ‘தான்’ அல்லது ஒரு ‘ஏ’ ஒட்டிவிடுகிறோம். வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் சொற்களின் வரிசை இறுக்கமானது. அழுத்தத்துக்காக வாக்கியத்தையே பிளக்க வேண்டியிருக்கிறது. ‘இட் இஸ் சால்ட் தட்…’ என்று உப்பை முதலில் தனியே நிறுத்திவிட்டு, பிறகு மற்றதைச் சொல்கிறார்கள். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1937இல் இதற்குப் பிளவு வாக்கியம் என்ற பெயரைக் கொடுத்தார். இந்த அமைப்பின் குணத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். இது ஒன்றைச் சொல்வதோடு நிற்பதில்லை. படிப்பவர் மனத்தில் இருக்கும் இன்னொன்றை விலக்கவும் செய்கிறது. ‘உப்பு நிலத்தைக் கெடுக்கிறது’ என்று எழுத உப்பை அளந்தால் போதும். ‘நிலத்தைக் கெடுப்பது உப்புதான்’ என்று எழுத குரோமியத்தையும் அளந்து, அது காரணமில்லை என்று காட்டியிருக்க வேண்டும். ஆகவே பிளவு வாக்கியம் எழுதுகிறவர் இரண்டு சான்றுகளுக்குப் பொறுப்பேற்கிறார்.

பாலாற்றங்கரை வயலுக்குப் பொருந்தும் வாக்கியத்தை அப்படியே ராணிப்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை அங்கே விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. அதிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்குவது ஆறாம் இணைதிறன் குரோமியம். தண்ணீரில் எளிதாகக் கரையும். புற்றுநோயை உண்டாக்க வல்லது. அங்கே ‘குரோமியம்தான்’ என்று எழுதுவது சரி. ஆனால் அந்தக் குவியல் டேனரியில் இருந்து வந்ததல்ல, குரோமிய ரசாயனங்களைத் தயாரித்த ஆலையில் இருந்து வந்தது என்பதையும் அதே அழுத்தத்தோடு எழுத வேண்டும். ஊர் விட்டு ஊர் போனால் அழுத்தம் விழும் சொல் மாறிவிடுகிறது. ‘வேலூர்ப் பகுதியில் தோல் கழிவால் குரோமிய மாசு’ என்ற ஒற்றை வரி இரண்டு ஊர்களுக்கும் அநியாயம் செய்கிறது.

மூன்றாம் வகைக் குரோமியத்துக்கும் ஆறாம் வகைக்கும் உள்ள வேறுபாடு காலணி ஏற்றுமதி செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். உடலில் படும் தோல் பொருள்களில் ஆறாம் இணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2015 மே மாதம் முதல் நடப்பில் இருக்கிறது. ஆய்வகச் சான்றிதழில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருக்கும். ‘இல்லை’ என்று இருக்காது. அந்தக் கருவியாலும் அந்த முறையாலும் எட்ட முடிந்த அளவுக்குள் தென்படவில்லை என்பதே அதன் பொருள். ‘எங்கள் தோலில் குரோமியமே கிடையாது’ என்று, வெட் புளூ எனப்படும் நீலநிறத் தோலை விற்கிறவர் எழுதினால் அது பொய். மூன்றாம் வகைக் குரோமியம் இல்லாமல் அந்த நீலமே வராது.

*

பிளவு வாக்கியத்துக்கு வேலூர் உலகத்துக்குக் கொடுத்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு தோல் ஆலையில் கிடைத்ததல்ல, தொழுநோய் மருத்துவத்தில் கிடைத்தது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்பதற்கு அன்று ஊரும் மருத்துவமும் ஒரே பதிலை வைத்திருந்தன: நோய் சதையைத் தின்கிறது. அந்தச் சதை கெட்ட சதை, வெட்டித் தைத்தாலும் ஆறாது என்று நம்பியதால் அறுவை மருத்துவர்கள் கிட்டவே போகவில்லை. செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இருந்த ராபர்ட் காக்ரேன், பிராண்டை அழைத்துப்போய் நோயாளிகளைக் காட்டினார். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒருவரின் கையை பிராண்ட் பிடித்து, உங்களால் முடிந்தமட்டும் அழுத்துங்கள் என்றார். அவர் அழுத்திய வேகத்தில் பிராண்டுக்கு வலி பொறுக்க முடியவில்லை. அழுத்தியவருக்குத் தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. சில தசைகள் செயலிழந்திருந்தன, மற்றவை முழு வலுவோடு இருந்தன. அந்தக் கையில் உணர்ச்சிதான் செத்திருந்தது.

அதன் பிறகு பிராண்டும் உடன் இருந்தவர்களும் செய்தது துப்பறியும் வேலை. புதிய காயம் ஒன்று தெரிந்தால் அது எப்படி வந்தது என்று தேடினார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய சிறுவன் ஒருவன், விரல் எலும்பு தெரியக் கிழிந்து ரத்தம் சொட்டியும் அறியாமல் நின்றான் என்று பிராண்ட் பதிவுசெய்திருக்கிறார். சூடான பாத்திரம், மண்வெட்டிக் காம்பில் துருத்திய ஆணி, செருப்புக்குள் கிடந்த கல். இரவில் விரல் நுனி குறைந்துபோனதற்கு எலி காரணம் என்றுகூடத் தெரியவந்தது. தூங்குகிறவருக்கு அது கடிப்பது தெரியாது. காயத்தைக் கட்டி, அசையாமல் பாதுகாத்தால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே இவர்களுக்கும் ஆறியது. கெட்ட சதை என்ற பேச்சு அங்கே அடிபட்டுப்போனது.

இதை ஒரே வரியில் சொன்னால், விரல்களை நேரடியாக அழிப்பது நோய்க்கிருமி அல்ல, வலி தெரியாமல் போவதே. ‘தொழுநோயில் உணர்ச்சியிழப்பும் விரல் இழப்பும் காணப்படுகின்றன’ என்றும் அதே உண்மையை எழுதியிருக்கலாம். அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அதைப் படித்து யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். அழிப்பது நோய் என்றால் மருந்துக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அழிப்பது வலியின்மை என்றால் நாளைக் காலையே செய்வதற்கு வேலை இருக்கிறது: பாத்திரப் பிடிக்குத் துணி சுற்றலாம், கருவியின் காம்பை மாற்றலாம், படுக்கும்முன் கை கால்களைப் பார்த்துக்கொள்ளக் கற்றுத்தரலாம், பூனை வளர்க்கலாம். முடங்கிய விரலுக்கு வேறு தசைநாணை மாற்றித் தைத்து இயங்கவைக்கலாம்; அதைத்தான் பிராண்ட் 1952இல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியில் ஹன்டேரியன் சொற்பொழிவாக விளக்கினார். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம், உணர்ச்சியற்ற பாதத்துக்கு நுண்ணறை ரப்பர் வைத்த காலணியைச் செய்து பரப்பியது. இன்றைக்கு சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததே. அழுத்தம் ‘நோய்’ என்ற சொல்லில் இருந்து ‘வலியின்மை’ என்ற சொல்லுக்கு நகர்ந்திராவிட்டால், செருப்பு செய்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிராது.

அதே வேலூர்க் கல்லூரியில் இருந்து இன்னோர் எடுத்துக்காட்டு. டி. ஜேக்கப் ஜான், பி. ஜெயபால் இருவரும் 1972இல் அமெரிக்க இதழ் ஒன்றில் வேலூர்க் குழந்தைகளுக்குக் கொடுத்த போலியோ சொட்டு மருந்தைப் பற்றி எழுதினார்கள். வெப்ப நாடுகளில் குழந்தைகளின் குடலில் வேறு வைரஸ்கள் மலிந்திருப்பதால் சொட்டு மருந்து சரியாகப் பிடிப்பதில்லை என்ற விளக்கம் அன்று செல்வாக்கோடு இருந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பே இரண்டு சேதிகளைச் சொன்னது: எதிர்ப்புத் திறன் குறைவாகவே உண்டாகிறது, பிற வைரஸ்களின் குறுக்கீடு இல்லை. இரண்டாவதைத் தலைப்பின் கடைசியில் வைத்தார்கள். ‘மிக’, ‘பெரிதும்’, ‘வியக்கத்தக்க’ என்று ஒரு சொல்லும் அதில் கிடையாது.

*

ஆங்கில வாசகர் வாக்கியத்தின் முடிவில் வரும் சொல்லுக்கு இயல்பாகவே எடை கொடுத்துப் படிக்கிறார் என்பதை ஜார்ஜ் கோபன், ஜூடித் ஸ்வான் இருவரும் 1990இல் ‘அமெரிக்கன் சயின்டிஸ்ட்’ இதழில் விரிவாக விளக்கினார்கள். தமிழ் மாணவர்களுக்கு இங்கேதான் இடறுகிறது. நம் மொழியில் வாக்கியம் வினையில் முடியும். எடையான சொல் வினைக்குச் சற்று முன்னால் வந்து உட்காரும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போது, ‘…வாஸ் அப்சர்வ்ட்’, ‘…வேர் நோட்டட்’ என்று முடிக்கிறார்கள். வாக்கியத்தின் மிகச் செல்வாக்கான இடத்தை, எந்தச் சேதியும் இல்லாத ‘காணப்பட்டது’ பிடித்துக்கொள்கிறது. தொடக்கத்தில் வரும் ‘இட் வாஸ் ஃபவுண்ட் தட்’ என்பதும் இப்படித்தான். பார்வைக்குப் பிளவு வாக்கியத்தின் உறவுபோலத் தெரியும். ஆனால் அது எதையும் தனியே நிறுத்திக் காட்டுவதில்லை. சேதி வருவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

‘தான்’ செய்யும் இன்னொரு வேலையையும் கவனிக்க வேண்டும். ‘மாதிரிகளை ஆம்பூரில்தான் எடுத்தோம்’ என்று நாம் சொல்லும்போது பல நேரங்களில் வேறெங்கும் எடுக்கவில்லை என்ற பொருள் அதில் இருப்பதில்லை. கேட்டதற்கு உறுதியாகப் பதில் சொல்கிறோம். அதே ‘தான்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஒன்லி’ ஆகிவிடுகிறது. ‘ஃப்ரம் ஆம்பூர் ஒன்லி’ என்று படிக்கும் வெளிநாட்டு மதிப்பீட்டாளர், ஆய்வின் குறையை எழுதியவரே ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்து, ஏன் மற்ற ஊர்களை விட்டீர்கள் என்று கேட்கிறார். ‘முதல் நாளிலேயே’ என்பது ‘ஆன் தி ஃபர்ஸ்ட் டே இட்செல்ஃப்’ ஆகிறது. அவருக்கு அது புரிவதே இல்லை. மாணவருக்கு அழுத்தம் எங்கே வேண்டும் என்பது தெரியும். தெரிந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனம் தவறாகக் கிடைத்திருக்கிறது.

அமைப்பு கைவராதபோது உரிச்சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘டிராஸ்டிகலி’, ‘சிக்னிஃபிகன்ட்லி’, ‘நாவல்’, ‘ரோபஸ்ட்’. இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்களை ஆராய்ந்து 2015இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இத்தகைய புகழ்ச்சிச் சொற்கள் 1974–80 காலத்தில் 2 சதவீதச் சுருக்கங்களில் இருந்தன, 2014இல் 17.5 சதவீதத்தில் இருந்தன. இந்தக் காலத்தில் கண்டுபிடிப்புகள் அந்த அளவுக்கு மேன்மை அடைந்துவிட்டன என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. உரிச்சொல்லுக்குச் சான்று கேட்க முடியாது. பிளவு வாக்கியத்துக்குக் கேட்கலாம்: இதுதான் என்கிறாயே, மற்றது இல்லை என்று எப்படித் தெரியும்? கேள்விக்கு ஆளாகும் அழுத்தத்தையே அறிவியலில் அனுமதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வேட்டைத் திருத்தித் தரக் கேட்டு வந்த மாணவர் ஒருவரின் முடிவுரையில் ‘டிராஸ்டிகலி’ அடுத்தடுத்த வரிகளில் நின்றது. அதை மூடி வைத்துவிட்டு, என்னப்பா கண்டுபிடிச்ச, தமிழ்ல சொல்லு என்றேன். “குரோம் இல்ல சார், உப்புதான். அதுவும் கோடையிலதான் ஏறுது. கிணத்துல தண்ணி இறங்குனாத்தான் காட்டுது” என்றார். மூன்று இடத்தில் அழுத்தம், மூன்றும் சரியான இடம், மூன்றுக்கும் அவருடைய அட்டவணையில் எண்கள் இருந்தன. முதலாவதுக்கு ‘இட் இஸ்… தட்’, இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து, ‘ஒன்லி வென்’ என்று தொடங்கித் துணைவினையை முன்னால் புரட்டிப்போடும் அமைப்பு. ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியங்கள். ‘டிராஸ்டிகலி’ அத்தனையும் போயிற்று.

*

அறிவியலாளர்கள் அழுத்தத்துக்குத் தயங்குவதில் நியாயமும் உண்டு. நிச்சயமில்லாத இடத்தில் ‘இருக்கலாம்’ என்று எழுதுவது நேர்மை. ஆனால் அந்த ‘இருக்கலாம்’ இந்தப் பகுதியில் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் மறக்க முடியாது. மாசு உண்டா, உண்டென்றால் எங்களால்தானா என்று கேட்டுக் காலத்தைக் கடத்த அது வழிவிட்டது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அளித்த தீர்ப்பு இந்த வழியை அடைத்தது. மீள முடியாத கேடு நேரும் அபாயம் இருக்கும்போது, அறிவியல் உறுதி போதவில்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை ஆலை நடத்துகிறவருடையது என்றது நீதிமன்றம். அதன் பிறகு ஆய்வாளர் தம் ‘இருக்கலாம்’ஐ அச்சமின்றி எழுதலாம், தெரிந்ததை ‘தான்’ போட்டும் எழுதலாம். இரண்டையும் ஒரே கஞ்சியாகக் கலக்க வேண்டிய தேவை போய்விட்டது.

அந்தத் தீர்ப்பில் இருக்கும் ஓர் எண்ணின் கதை இதற்குப் பொருத்தமானது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்தை மேற்கோள் காட்டி, டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்கிறது தீர்ப்பு. பின்னால் மேடைகளிலும் கட்டுரைகளிலும் 35,000 நிலைத்தது. ‘ஓரளவோ முழுமையாகவோ’ உதிர்ந்துவிட்டது. எவ்வளவு முழுமையாக, எவ்வளவு ஓரளவாக? இழப்பீடு கேட்டு நிற்கும் விவசாயிக்கு வேண்டியது அந்தப் பிரிவினைதான். மூல அறிக்கையில் அதற்குத் தனி வாக்கியம் கொடுத்து, கடைசி இடத்தில் அந்த எண்ணை நிறுத்தியிருந்தால் இவ்வளவு எளிதாக உதிர்ந்திருக்காது. தீர்ப்பை ஒட்டி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001இல், பாதிக்கப்பட்ட சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. சராசரி பார்த்தால் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூடத் தேறாது.

இது முடிந்த கதை இல்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இதே பாலாற்று மாசு வழக்கில் மீண்டும் தீர்ப்பளித்தது. விடுபட்டவர்களுக்கு இழப்பீட்டை அரசு கொடுத்து, அதை ஆலைகளிடம் வசூலிக்கச் சொன்னது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. அப்படியென்றால் இனியும் அறிக்கைகள் வரும், ஆங்கிலத்தில் வரும்.

அவற்றை எழுதப்போகிறவர்களில் பலர் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். முதுநிலை ஆய்வேட்டை எழுதுவதற்கு முன் வாய்மொழியாக ஒரு கேள்வி நேரம் வைத்து, அதில் கால் மணி நேரத்தைத் தமிழுக்கு ஒதுக்கலாம்: கண்டதைத் தமிழில் சொல், ‘தான்’ எங்கே போடுகிறாய் என்று பார்ப்போம், அந்த ‘தான்’ ஒவ்வொன்றுக்கும் எண்ணைக் காட்டு. ஆங்கில வாக்கியத்தை அதன் பிறகு கட்டலாம். குழுவின் அறிக்கைகளுக்கும் ஒரு கோரிக்கை. கிணறு கிணறாக எண்களைக் கொடுப்பதோடு, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வாக்கியம் வேண்டும்: இந்த ஊர்த் தண்ணீரைக் கெடுத்திருப்பது உப்பா, ஆறாம் வகைக் குரோமியமா, இரண்டுமா, அல்லது இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையா. ஆங்கிலத்தில் அதைப் பிளவு வாக்கியமாகவே எழுதட்டும். அதன் தமிழ் வடிவம் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும்.